வர்த்தமானியில் வராத வரி

வரி விதிப்பது அரசாங்கத்துக்குத் தொல்லை பிடித்த வேலை. அமைச்சரவை கூட வேண்டும், சட்டமூலம் வர வேண்டும், எதிர்க்கட்சி மேசையில் தட்டிக் கத்த வேண்டும், கடைசியில் வர்த்தமானியில் அச்சாக வேண்டும். இந்தச் சள்ளை எதுவும் இல்லாமல், ஒருவருடைய கையெழுத்தும் கேட்காமல், லயத்துக் காம்பராவில் கிடக்கும் பால்மாப் பக்கெட் வரைக்கும் போய் வசூலித்துவரும் வரி ஒன்று உண்டு. 2020 தொடங்கி 2022 வரை அதை எப்படி அறவிடுவது என்று இலங்கை உலகத்துக்கே வகுப்பெடுத்தது. அறவிட்டவர்கள் இறைவரித் திணைக்களத்தார் அல்லர். கொழும்பு ஜனாதிபதி மாவத்தையில், குளிரூட்டிய மாடிகளில், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக உட்கார்ந்திருந்த மத்திய வங்கிக் கனவான்கள்.

கதை ஒரு தாராள மனசில் தொடங்குகிறது. 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியானார். அடுத்த மாதமே வள்ளல்தன்மை பெருக்கெடுத்தது. 15 சதவீதமாக இருந்த வற் வரி 8 ஆனது. மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் வரி ஒழிந்தது. வருடத்துக்கு 1.2 கோடி ரூபாய்க்கு வியாபாரம் செய்தாலே வற் வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லையை 30 கோடிக்குத் தூக்கினார்கள். பாரி முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்தான். இவர்கள் இறக்குமதிக்காரர்களுக்குத் திறைசேரியையே கொடுத்தார்கள். 2020 ஒக்டோபரில் சீனிக்கு இருந்த கிலோவுக்கு 50 ரூபாய் இறக்குமதித் தீர்வை 25 சதமானது. ரூபாய் அல்ல, சதம். கடையில் நீட்டினால் பிச்சைக்காரரும் வாங்கமாட்டாத அந்த 25 சதம்தான். சீனி விலை குறைந்ததா என்று கேட்காதீர்கள். வள்ளல்களிடம் கணக்குக் கேட்பது தமிழ்ப் பண்பாடு அல்ல.

நாட்டின் மொத்த உற்பத்தியில் பதினொன்றரைச் சதவீதமளவில் இருந்த வரி வருமானம் ஒரே வருடத்தில் எட்டுக்குச் சரிந்தது. கொரோனா வந்ததும் உண்மை, சுற்றுலா படுத்ததும் உண்மை. ஆனால் கொரோனா வருவதற்கு முன்பே சட்டியில் ஓட்டை போட்டவர் யார் என்பதை அந்தக் கிருமியிடம் கேட்டால் அது சத்தியமாகத் தன் பெயரைச் சொல்லாது.

வரி இல்லை. செலவோ குறையவில்லை. அமைச்சர்கள் குறையவில்லை, இராணுவம் குறையவில்லை, வீதி திறப்புவிழா குறையவில்லை. அப்படியானால் காசு எங்கிருந்து வந்தது?

பணம் என்றால் என்ன என்று பொதுசனம் யோசிக்காமல் இருக்கும் வரைதான் அதற்கு மரியாதை. இந்திய நோட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநர் இத்தனை ரூபாய் தருவதாக வாக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருப்பார். இலங்கை நோட்டில் அந்த வாக்குறுதியும் கிடையாது. இது சட்டப்படி செல்லும் என்று மட்டும் இருக்கும். அந்த அளவுக்கு நம்மவர்கள் நேர்மையானவர்கள். செல்லும் என்கிறார்கள், எவ்வளவுக்குச் செல்லும் என்று சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவளின் உழைப்பை அந்தத் தாள் மாலைவரை பத்திரமாக வைத்திருந்து, கடையில் அரிசியாகவும் மாவாகவும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பணத்துக்கு வேறு மகத்துவம் எதுவும் இல்லை. இடையில் யாரோ கையைவிட்டு அரைவாசியை எடுத்துக்கொண்டால், அதைத் தோட்டத்தில் களவு என்பார்கள். பல்கலைக்கழகத்தில் நாணயக் கொள்கை என்பார்கள்.

எடுத்த முறை இப்படி. அரசாங்கத்துக்குக் கடன் தேவைப்பட்டால் திறைசேரி உண்டியலை ஏலத்தில் விடும். வட்டி இதற்கு மேல் போகக் கூடாது என்று மத்திய வங்கி ஓர் உச்ச வரம்பு கட்டியிருந்தது. அந்த அற்ப வட்டிக்கு வாங்கப் போதிய ஆட்கள் வரவில்லை. மிஞ்சியதை மத்திய வங்கியே வாங்கிக்கொண்டது. எந்தக் காசைக் கொடுத்து? அதுவரை உலகத்தில் இல்லாத காசைக் கொடுத்து. அதில் பெரும்பகுதி நோட்டாகக்கூட அச்சாகவில்லை, ஒரு கணக்கில் எண்ணை ஏற்றினார்கள், அவ்வளவுதான். 2019 முடிவில் ஏறத்தாழ 7,500 கோடி ரூபாய்க்கு அரச கடன்பத்திரங்களை வைத்திருந்த மத்திய வங்கி, 2021 முடிவில் 1,40,000 கோடி ரூபாய்க்கு வைத்திருந்தது. இரண்டே வருடத்தில் பதினெட்டு மடங்கு. இந்த வேகத்தில் இந்த நாட்டில் வளர்ந்தது வேறொன்றுமில்லை.

இதற்குத் தத்துவமும் தயாராக இருந்தது. தத்துவம் இல்லாமல் திருடுவது கீழ்ச்சாதித் திருடர்களின் வேலையல்லவா? அப்போதைய ஆளுநர் பேராசிரியர் டபிள்யூ. டி. லக்ஷ்மன், சொந்த நாணயத்தை அச்சிடும் இறைமை உள்ள நாட்டுக்கு உள்நாட்டுக் கடன் பெரிய பிரச்சினை அல்ல என்ற புதிய பள்ளிப் பாடத்தை எடுத்து வைத்தார். 2021 செப்டெம்பரில் அவருடைய நாற்காலிக்கு வந்த அஜித் நிவாட் கப்ரால், பணம் அச்சிடுவதால் விலைவாசி ஏறாது என்று அடித்துச் சொல்லிவந்தார். அந்தப் பள்ளியின் புத்தகத்திலேயே, பொருள் இல்லாத ஊரில் காசை மட்டும் பெருக்கினால் விலை ஏறும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் இலங்கைப் பிரதியில் பூச்சி தின்றிருக்க வேண்டும்.

பொருள் இல்லாமல் போவதற்கான ஏற்பாட்டையும் அரசாங்கமே கவனித்துக்கொண்டது. 2021 மே மாதம் இரசாயன உரத்தின் இறக்குமதியை ஒரே இரவில் தடைசெய்தார்கள். வயல் வெளுத்தது, தேயிலை வாடியது. நவம்பரில் தடையை நீக்கினார்கள். பயிர் வர்த்தமானி வாசிப்பதில்லை, ஆகவே அது திரும்பி வளரவில்லை. மஞ்சள் இறக்குமதியையும் நிறுத்தியிருந்தார்கள். அதனால் இராமநாதபுரம் கரையிலிருந்து மன்னாருக்குப் படகில் மஞ்சள் கடத்தும் புதிய தொழில் பிறந்தது. தங்கம் கடத்திய கடலில் மஞ்சள் கடத்த வைத்த ஆட்சி சரித்திரத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

டொலரை 200 ரூபாய்ச் சொச்சத்தில் கட்டிவைத்தார்கள். வெளிநாட்டில் உழைக்கிறவர்கள் அந்த விலைக்கு வங்கியில் மாற்ற மறுத்து உண்டியல்காரரிடம் போனார்கள். 2022 ஜனவரி 18 அன்று 50 கோடி டொலர் கடன்பத்திரப் பணத்தை வெளிநாட்டில் கடன் கொடுத்தவர்களுக்கு நாள் தவறாமல் கட்டி மார்தட்டினார்கள். மார்ச் மாதம் காகிதம் வாங்க டொலர் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் நின்றன. வினாத்தாளுக்குத்தான் காகிதம் இல்லை. காசுக்கு ஒருநாளும் தட்டுப்பாடு வரவில்லை. மார்ச் 7 அன்று ரூபாயை அவிழ்த்துவிட்டார்கள். மே மாதத்தில் ஒரு டொலர் 360 ரூபாய். அதற்கு முன்பே, ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது.

இனி இந்தக் கதையில் எனக்கு வயிறு எரிகிற இடம். மலையகத்துக்குப் போவோம்.

தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை 2015 வாக்கில் எழுந்தது. 2016இல் கூட்டு ஒப்பந்தம் 730 ரூபாய் தந்தது. 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் கூடி நின்றார்கள். 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700, அதோடு ஐம்பது. 2020 ஜனவரியில் புதிய ஜனாதிபதி, மார்ச் முதலாம் திகதியிலிருந்து ஆயிரம் என்று அறிவித்தார். எந்த வருடத்து மார்ச் என்பதை நாம்தான் கவனிக்கத் தவறினோம். 2021 மார்ச்சில், கம்பனிகள் முறுக்கிக்கொண்டதால் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில் போட்டு ஆயிரம் வந்தது. கம்பனிகள் நீதிமன்றத்துக்கு ஓடின. பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவை ஏற்றி, கிலோ குறைந்தவளுக்கு அரைப்பேர் போட்டார்கள். அதாவது நாள் முழுக்க மலையில் நின்றாலும் அரைநாள் சம்பளம்.

ஆக ஆறு வருடம் கத்தி, கூட்டம் போட்டு, வாக்குப் போட்டு, வழக்குப் பார்த்து வாங்கிய ஆயிரம் ரூபாய். வாங்கிய அன்று அதன் பெறுமதி ஐந்து டொலர். பதினான்கு மாதம் கழித்து, ஒரு சதம்கூடக் குறையாமல், அதே வர்த்தமானி, அதே ஆயிரம். பெறுமதி இரண்டே முக்கால் டொலர். எந்தத் துரையும் சம்பளத்தைக் குறைக்கவில்லை. எந்த அமைச்சரும் குறைக்கச் சொல்லவில்லை. குறைத்திருந்தால் மலை முழுக்க வேலைநிறுத்தம் நடந்திருக்கும், தொழிற்சங்கத் தலைவர்கள் தொலைக்காட்சியில் முழங்கியிருப்பார்கள். இதுவோ சத்தமே இல்லாமல் நடந்த சம்பள வெட்டு. வர்த்தமானியில் இதற்கு எதிராக ஒரு வாசகமும் கிடையாது.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுக்கு மட்டும் 94.9. அந்தச் சுட்டி கொழும்புக்காரரின் கூடையை வைத்துப் போட்ட கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கூடையில் அப்போது உணவின் பங்கு 28 சதவீதம். மிச்சம் வீட்டு வாடகை, போக்குவரத்து, தொலைபேசி, பொழுதுபோக்கு. தோட்டத்துக் குடும்பத்தின் செலவில் ஏறத்தாழ பாதி வயிற்றுக்கே போகிறது. ஆகவே தோட்டத்துப் பெண்ணின் பணவீக்கம் 69.8 அல்ல. அவளுடைய பணவீக்கத்தைத் தனியாக அளந்து மாதாமாதம் அறிக்கை விடும் திணைக்களம் எதுவும் கிடையாது. தேவையும் இல்லை, அவளுக்கே தெரியும்.

"இது பழைய விலை அக்கா. நாளைக்குப் புது விலை வருது, முடிஞ்சா இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க" என்று கடைக்காரர் சொல்வார். முடிந்தால்தானே? வசதியுள்ளவன் அன்றைக்கே மூட்டையாக வாங்கி அடுக்கினான். நாட்கூலிக்காரி நாளைய விலைக்கு நாளைக்கு வாங்கினாள். 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த பெற்றோல் 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாய். 1,493 ரூபாய் எரிவாயுச் சிலிண்டர் 4,860 ரூபாய். இதெல்லாம் செய்தியில் வந்தது, ஏனென்றால் கொழும்பு வரிசையில் நின்றது. 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 87 ரூபாய் மண்ணெண்ணெய் 340 ரூபாயானது. கொழும்பு அதற்குப் பெரிதாகக் கத்தவில்லை. மண்ணெண்ணெய் லயத்துக் குப்பிவிளக்குக்கும் யாழ்ப்பாண, மன்னார் மீனவரின் படகு எஞ்சினுக்கும்தானே போகிறது. அதே வருடம் மார்ச்சிலிருந்து வடக்குத் தமிழர்கள் கைக்குழந்தைகளோடு படகேறித் தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு காலத்தில் ஷெல்லுக்குப் பயந்து ஓடியவர்கள் இந்தமுறை பால்மா விலைக்குப் பயந்து ஓடினார்கள்.

பணவீக்கம் எல்லோரையும் ஒன்றாகத்தான் வதைக்கிறது, நாம் எல்லோரும் ஒரே படகில் இருக்கிறோம் என்று சொல்பவரைக் கண்டால், அவருடைய கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேயிலையைப் பாருங்கள். கொழும்புத் தேயிலை ஏலத்தில் 2021இல் ஒரு கிலோவின் சராசரி விலை 600 ரூபாய்ச் சொச்சம். 2022இல் 1,200க்கு மேல். தேயிலை திடீரென்று ருசிக்கவில்லை. தேயிலை டொலரில் விற்கிறது, ரூபாய் செத்தது, அதனால் ஏல விலை இரட்டித்தது. உரச் செலவும் டீசல் செலவும் கம்பனிகளுக்கு ஏறியது மெய். அதையும் கழித்துப் பல கம்பனிகள் அந்த வருடம் இலாபம் காட்டியதும் மெய். கொழுந்து டொலருக்கு விலைபோனது. கொழுந்து பறித்த விரல் ரூபாய்க்கு விலைபோனது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்குத்தான் பணவீக்கம் என்று பெயர் வைத்து, இயற்கைச் சீற்றம்போலப் பாவனை பண்ணுகிறார்கள். மழைக்கும் மண்சரிவுக்கும் கடவுளைத் திட்டலாம். இதற்குக் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது.

மிகப் பெரிய ஆதாயம் அடைந்தவர் மிகப் பெரிய கடன்காரர், அதாவது அரசாங்கம். ரூபாயில் வாங்கிய கடன் அத்தனையும் விலைவாசியில் கரைந்தது. அந்தக் கடனைக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் யார்? ஊழியர் சேமலாப நிதி. தோட்டத்துப் பெண்ணின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து, வயசான காலத்துக்கு என்று சேர்த்த காசு. அதை நிர்வகிப்பவர் யார்? அதே மத்திய வங்கி. பக்கத்து அறையில் காசைப் பெருக்கியவர்களே இந்த அறையில் அவளுடைய சேமிப்புக்குக் காவல். 2022இல் அந்த நிதிக்கு 9 சதவீத வட்டி கொடுத்தார்கள். பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்ட வருடத்தில். அதோடு விட்டார்களா? 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளின் ரூபாய்க் கடன்பத்திரங்களைத் தொடாமல், சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதிகளின் பத்திரங்களைக் குறைந்த வட்டிக்கு மாற்றச் சொன்னார்கள். சம்மதிக்காவிட்டால் 14 சதவீத வரி 30 ஆகும் என்று மிரட்டலும் கூடவே வந்தது. வங்கி விழுந்தால் நாடு விழும் என்றார்கள். கிழவி விழுந்தால் என்ன விழும்?

சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் ஏறத்தாழ 300 கோடி டொலரோடு வந்தது. அதற்கு முன்பே, 2022இலேயே, தள்ளுபடி செய்த வரிகள் திரும்பத் தொடங்கியிருந்தன. வற் 8லிருந்து 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18. கவனியுங்கள்: 2019இல் விட்டுக்கொடுத்த வரியால் கொழுத்தவர்களிடம் ஒரு சதம் திருப்பிக் கேட்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்க முதலில் நோட்டை அடித்துத் தோட்டத்துப் பெண்ணிடம் வாங்கினார்கள், பிறகு வற்றை ஏற்றி அவளிடமே வாங்கினார்கள். உலக வங்கியின் கணக்கில் 13 சதவீதமாக இருந்த வறுமை 2022இல் 25 சதவீதமானது.

நீதி கிடைக்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. 2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம், கோட்டாபய, மகிந்த, பசில் ஆகிய மூன்று ராஜபக்சக்களும், கப்ராலும், லக்ஷ்மனும், மேலும் சில உயரதிகாரிகளும் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. மனுதாரர்களுக்கு 1,50,000 ரூபாய் வழக்குச் செலவு. ஒரு நாட்டின் நாணயத்தைப் பாதியாக்கியதற்கு இந்தப் பூமியில் எங்கும் இவ்வளவு மலிவாகக் கணக்கு முடிந்திருக்காது. அதுவும் பணவீக்கத்துக்குப் பிந்திய ரூபாயில். பொதுசனத்தின் யோக்கியதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 2022 ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த போராட்டக்காரர்கள் அங்கே கட்டுக்கட்டாகக் கண்டெடுத்த 1 கோடியே 78 இலட்சம் ரூபாயை எண்ணிப் பொலிஸில் ஒப்படைத்தார்கள். எரிபொருள் வரிசையில் நாட்கணக்காகக் கிடந்தவர்கள்.

பிறகு விலைவாசி அடங்கிவிட்டது என்றார்கள். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம். பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று பொருளல்ல. மேலே ஏறிய விலை மேலேயே குந்திக்கொண்டு, இனி மெதுவாக ஏறுகிறேன் என்று தயவு காட்டுகிறது, அவ்வளவே. சாதனை செய்தவர்களுக்குச் சன்மானம் வேண்டாமா? 2024 பெப்ரவரியில் செய்தி வெளியானது: மத்திய வங்கி தன் ஊழியர்களின் சம்பளத்தை ஏறத்தாழ 70 சதவீதம் உயர்த்திக்கொண்டது. திறமைசாலிகள் வெளிநாட்டுக்குப் போய்விடுவார்கள், அவர்களைப் பிடித்துவைக்க வேண்டும் என்பது காரணம். மலையகத்துப் பெண்களும்தான் வெளிநாட்டுக்குப் போனார்கள், குவைத்துக்கும் சவூதிக்கும், அடுப்படி வேலைக்கு. அவர்களைப் பிடித்துவைக்க யாரும் சம்பளம் ஏற்றவில்லை. மாறாக, உங்கள் டொலரை வங்கி வழியாக அனுப்பினால் டொலருக்குப் பத்து ரூபாய் கூடத் தருகிறோம் என்று 2021 டிசம்பரில் இதே மத்திய வங்கி அவர்களிடம் கெஞ்சியது.

அதே 2024இல் தோட்டத்து நாட்சம்பளத்தை 1,700 ரூபாயாக்கும் வர்த்தமானி ஏப்ரல் கடைசியில் வந்தது. ஆயிரத்திலிருந்து ஆயிரத்து எழுநூறு. அதுவும் எழுபது சதவீதம்தான், தற்செயலாக. மேதினக் கூட்டத்தில் கைதட்டு வாங்கினார்கள். தொழிலே அழிந்துவிடும் என்று கம்பனிகள் ஒப்பாரி வைத்தன, நீதிமன்றம் போயின, ஜூலையில் இடைக்காலத் தடை விழுந்தது, செப்டெம்பரில் 1,350 என்று முடிந்தது. விலைவாசி ஏறத்தாழ இரட்டித்த நாட்டில் இது 2021ஆம் ஆண்டு ஆயிரத்தைவிடக் குறைவு. முதல் எழுபதால் எந்தத் தொழிலும் அழியவில்லை. அதை எதிர்த்துக் கத்த முதலாளிமார் சம்மேளனமும் முன்வரவில்லை.

எனக்கொரு யோசனை உண்டு, கட்டணம் வேண்டாம், இலவசம். 2023இல் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்துக்குக் காசு அச்சிட்டுக் கொடுப்பதைத் தடைசெய்கிறது. நல்லது, குதிரை ஓடிய பிறகாவது லாயத்தைப் பூட்டினார்கள். பணவீக்கத்துக்கு 5 சதவீதம் என்று இலக்கும் வைத்திருக்கிறார்கள், மேலே கீழே கொஞ்சம் விட்டுப்பிடிக்கலாம். ஆக அவர்களுக்கும் ஒரு கிலோக் கணக்கு வந்துவிட்டது. தோட்டத்துச் சட்டத்தை அங்கேயும் போடுங்கள். காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, வரட்டும். கணக்கப்பிள்ளை தராசோடு நிற்கட்டும். இலக்குத் தவறிய மாதம் ஆளுநர் தொடங்கி எல்லோருக்கும் அரைப்பேர். பழைய கனவான்களுக்கும் ஓய்வூதியத்தில் பின்தேதியிட்டு அரைப்பேர்.

சட்டத்தில் அதற்கும் ஏற்பாடு இருக்கிறது என்று எடுத்துப் பார்த்தால் தெரிகிறது. தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் இலக்குத் தவறினால் மத்திய வங்கி பாராளுமன்றத்துக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டும். 2024 இரண்டாம் பாதியில் பணவீக்கம் இலக்குக்கு வெகு கீழே, பூச்சியத்துக்கும் அடியில் விழுந்தது. எழுதினார்கள். சம்பளம் முழுசாக வந்தது.